ஒத்தை விசில்

கணக்கு சார் லீவு. அதனால நாடகம். அவர் மட்டும் வந்திருந்தா இந்நேரம் போர்டு பூரா சைனும் காஸும் கெடந்திருக்கும், நானும் ஒண்ணும் வெளங்காம நிம்மதியா உக்காந்திருப்பேன். இப்ப அந்தப் போர்டுல அமலோற்பவம் டீச்சர் ரெண்டே வரி எழுதிப் போட்டிருக்காங்க. ஒண்ணு, பசுமைப் பூமி, பாட்டு நாடகம். ரெண்டு, மதுவின் கொடுமை. ஆண்டு விழாவுல பதினொண்ணாம் வகுப்பு எத நடிக்கறதுன்னு இந்த பீரியடு முடியறதுக்குள்ள சொல்லியாகணுமாம். கொடுமைன்னு எழுதும்போது சாக்பீஸ் ஒடிஞ்சுது. ஒடிஞ்ச துண்டு உருண்டு வந்து முதல் பெஞ்சுக்கடியில கெடக்கு. அதையே பாத்துக்கிட்டிருக்கேன். எதையாவது ஒண்ணப் பாத்துக்கிட்டே இருந்தா வாசலப் பாக்காம இருக்கலாம். வாசலப் பாக்கக் கூடாது. பாத்தா ஆபீஸ் தங்கையா அண்ணன் வந்து நிப்பாரு, நின்னா யாரு பேரையாவது சொல்லுவாரு. வெறும் பேரச் சொல்லி ஆபீஸுக்கு வான்னா ஒண்ணுமில்ல, ஸ்காலர்ஷிப்புக்குக் கையெழுத்து, ஆதார் நகல், அந்த மாதிரி ஏதாவது. பையையும் எடுத்துக்கிட்டு வான்னா அவ்வளவுதான். போன மாசம் வைரமணிய அப்படித்தான் கூப்பிட்டாங்க. பையையும் எடுத்துக்கிட்டு வாம்மான்னு ரொம்ப மெதுவாச் சொன்னாரு, எப்பவும் கத்துற மனுசன். அவ என்னமோ அரை நாள் லீவு கெடச்ச மாதிரி டிபன் டப்பாவ எல்லாம் அடுக்கிக்கிட்டுச் சிரிச்ச முகமாப் போனா. எங்களுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, அவளுக்கு மட்டும் தெரியல. வீட்டு வாசல்ல வரிசையா பிளாஸ்டிக் சேர் கெடந்ததப் பாத்துத்தான் தெரிஞ்சுதாம். நான் அப்படிச் சிரிச்சுக்கிட்டுப் போக மாட்டேன். எனக்கு முன்னாடியே தெரியும். அதனாலதான் வாசலப் பாக்க மாட்டேங்கறேன்.

பக்கத்துல இருக்கற கோமதிக்குப் பசுமைப் பூமிதான் வேணும். பச்சைப் பாவாடை தாவணி கட்டி ஆடலாம், கொஞ்சம் பேரு மரம், கொஞ்சம் பேரு காத்து, ஒருத்தி மழை. ஏட்டி செம்பா, நீ மரத்துக்குத்தான கை தூக்குவன்னு முழங்கையால இடிக்கிறா. செண்பகவல்லிய செம்பாவாக்குனவ இவதான். இவளுக்கு எல்லாம் தெரியும். எனக்காகக் கேக்குற மாதிரி தனக்காகக் கேக்குறா, மரமாகணும்னு அவளுக்கு ஆசை. பயலுக பக்கம் பூரா ரெண்டாவதுதான். ஏன்னா அத எழுதுனது மாரீஸ்வரன், நடிக்கப் போறதும் மாரீஸ்வரன். எந்தப் பள்ளிக்கூடத்துலயும் குடிகாரன் வேஷத்துக்குத்தான் அடிதடி. கலெக்டர் வேஷத்துக்கு ஆளு கெடைக்காது, டாக்டர் வேஷத்துக்குக் கெஞ்சணும், குடிகாரனுக்கு மட்டும் நான் நீன்னு வருவானுக. தள்ளாடுனாச் சிரிப்பாங்க, வேட்டி அவுந்தாச் சிரிப்பாங்க, பொண்டாட்டிய அடிச்சாக் கூட பின் வரிசையில யாராவது சிரிப்பாங்க. கடைசியில ரத்தம் கக்கிச் சாவான். அப்ப எல்லாரும் கண்ணத் தொடைப்பாங்க. அதுக்குத்தான் பிரைஸ். அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் வரிசையா நின்னு குடிக்காதீர்னு கையக் கூப்பும், திரைய இழுப்பாங்க, பாதியில மாட்டிக்கிடும், ஒருத்தர் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து விடுவாரு. வருசா வருசம் இதான். வருசா வருசம் நானும் கீழ உக்காந்து பாத்திருக்கேன், ஒண்ணும் ஆகல. யாரோ ஒரு குடிகாரன், யாரோ ஒரு பொண்டாட்டி. இந்த வருசம் அப்படி இல்ல.

மாரீஸ்வரா, கொஞ்சம் நடிச்சுக் காட்டுப்பா, பாத்துட்டு முடிவு பண்ணட்டும்னு டீச்சர் சொல்லவும் எந்திரிச்சு வந்தான். வரும்போது என் பக்கம் ஒரு தடவ பாத்தான். பாத்துட்டு, பாக்காத மாதிரி ஒரு ஜாமெட்ரி பாக்ஸ எடுத்துக் கக்கத்துல இடுக்குனான். அது ஜாமெட்ரி பாக்ஸ் இல்ல, எங்கப்பாவோட டிக்கெட் பை. எல்லாக் குடிகாரனும் முன்னயும் பின்னயும் ஆடுவான், எங்கப்பா ஆட மாட்டாரு. ஓடுற பஸ்ஸுல நின்னு டிக்கெட் கிழிச்ச காலு. ரெண்டையும் அகட்டி வச்சு, தெருதான் குலுங்குது நான் குலுங்கலங்கற மாதிரி வருவாரு. மாரீஸ்வரன் அப்படியே வந்தான். பெருவிரல்ல ஊனாம, குதிங்காலத் தேச்சு. வலது கை மேல போயி இல்லாத கம்பியப் பிடிக்குது. முதல் பெஞ்சுகிட்ட வந்து நின்னு ரெண்டு விரல வாயில வச்சு ஒரு விசில். ரயில்வே கேட்டு, ரயில்வே கேட்டு, எறங்குறவங்கல்லாம் எறங்கு. படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ, உள்ள கெடக்கு பாரு மைதானம். பொம்பளையாளுக்கு எடம் விடுய்யா. கிளாஸே சிரிச்சு உருளுது. எங்கப்பா தெரு விளக்குக்குத் தெரு விளக்கு நிப்பாரு, அதான் ஸ்டாப்பு. செல்வராணி மினி பஸ்ல இருந்து அவர நிப்பாட்டுன பெறகும் சாயங்காலமானா கடையில இருந்து வீடு வரைக்கும் அந்தப் பஸ்ஸு ஓடுச்சு. மொத விளக்கு ரயில்வே கேட்டு, அடுத்தது பால் பண்ணை, வளைவுல உள்ளது யூனியன் ஆபீஸு, எங்க வீட்டு முன்னாடி நிக்கறது கடைசி ஸ்டாப்பு. யாரும் எறங்க மாட்டாங்க, யாரும் ஏற மாட்டாங்க. ஆனாலும் எறங்குற நேரம் ஏறுற நேரம் எல்லாம் நின்னு குடுத்துத்தான் எடுப்பாரு. போலாம் ரைட்னு மாரீஸ்வரன் கத்திட்டு மறுபடி ஒரு விசில் குடுத்தான். தப்பு. நிக்கறதுக்கு ஒண்ணு, போறதுக்கு ரெண்டு. இது கூடவா தெரியாது இவனுக்கு. ஒத்தை விசில் குடுத்தா டிரைவர் பிரேக்கத்தான் போடுவாரு. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. வாய மூடிக்கிட்டேன். அமலோற்பவம் டீச்சர் கூட வாயக் கையால பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க, தோளு குலுங்குது.

எங்கிட்டு இருந்து இவ்வளவும் பிடிச்சான்? அது எனக்குத் தெரியாதாக்கும். அவன் அடுத்த தெரு. எங்கப்பா பஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு கூட்டம் பொடிசுக ஓடும், ஒண்ணோட சட்டைய ஒண்ணு பிடிச்சுக்கிட்டு வாலு மாதிரி. மொத ஆளு எங்கப்பா சட்டையப் பிடிச்சிருப்பான். அவரு திரும்பி எல்லாத்துக்கும் டிக்கெட் கிழிச்சுக் குடுப்பாரு, பீடிக்கட்டுக் காகிதம். எங்க போகணும், மதுர ஒண்ணு, இந்தா. உனக்கு, சென்னை, சென்னை இந்த வண்டி போகாதுடா, சாத்தூர்ல மாறிக்க. சில்லறை குடுக்காதவனச் சும்மானாச்சும் வைவாரு. அதுகளுக்கு அவரு கண்டக்டர் மாமா. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு விரிசல் வழியாப் பாப்பேன், அம்மா அடுப்படியில பாத்திரத்தப் போட்டு உருட்டுவா. ஒரே ஒரு தடவ நானும் போனேன். மூணாங்கிளாஸ் படிக்கும்போது. அன்னைக்கு என்ன தோணுச்சோ, ஓடிப் போயி வால்ல கடைசி ஆளா நின்னேன். எனக்கு முன்னாடி மேலுக்குச் சட்டை இல்லாத பய ஒருத்தன், பிடிக்க ஒண்ணுமில்ல, அவன் இடுப்புக் கயத்தப் பிடிச்சுக்கிட்டேன். ஒவ்வொருத்தனாக் கிழிச்சுக் குடுத்துக்கிட்டே எங்கிட்ட வந்தாரு. குனிஞ்சாரு. அந்த வாசம். கண்ணு என் மூஞ்சியத் தேடித் தேடிப் பாக்குது. பாப்பா யாரு வீட்டுப் பிள்ள, தனியாவா வந்தன்னு கேட்டாரு. பஸ்ஸுல தெரியாத பிள்ளைகிட்டக் கேக்கற அதே கரிசனம். எல்லாப் பயலுகளும் சிரிச்சானுக. நான் ஓடியாந்துட்டேன். மறுநாள் காலையில எனக்குச் சடை பின்னி விட்டவரும் அவருதான், அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. அம்மாகிட்டக் கூடச் சொல்லல. சொல்லி என்ன ஆகப்போகுது. ஆனா அது போகல, முள்ளு ஒடிஞ்சு உள்ளயே நின்னுக்கிட்ட மாதிரி, எப்பவாவது எதுலயாவது பட்டா வலிக்கும். அந்தச் சட்டை இல்லாத பய யாரு? மூக்கு ஒழுகிக்கிட்டு, தலை மொட்டை. மொட்டை போட்டா எல்லாப் பயலும் ஒண்ணு போலத்தான் இருப்பான்.

இந்த நடைய இப்ப எங்கப்பா நடக்க மாட்டாரு. முன் ரூம்புல கட்டில்ல கெடக்காரு. காலு ரெண்டும் பொத பொதன்னு, விரல வச்சு அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்குது, மூட மாட்டேங்குது. வயிறு முன்னாடி வந்துருச்சு, பெரியாஸ்பத்திரியில ஊசி போட்டுத் தண்ணி எடுத்து அனுப்புனாங்க, மறுபடியும் ஊறிருச்சு. கண்ணு மஞ்சள். பகல்ல தூங்கறாரு, ராத்திரி முழிச்சுக்கிட்டு உத்தரத்தப் பாக்கறாரு. பேச்சு கொறஞ்சு போச்சு. அம்மா கடலமிட்டாய்க் கம்பெனியில இருந்து வந்து கையக் கூடக் கழுவாம வாயில கஞ்சி ஊத்துவா. பாகு வாசமும் அந்த ரூம்பு வாசமும் சேந்து, இப்பல்லாம் கடலமிட்டாயக் கண்டாலே எனக்குக் கொமட்டுது. டாக்டர் என்ன சொன்னாருன்னு அம்மாகிட்டக் கேட்டேன், சொல்லல. படிக்கற வேலையப் பாருன்னா. எங்கப்பா அடிக்கலன்னு நான் சொல்ல மாட்டேன். கொதிக்கற சோத்துப் பானையத் தட்டி விட்டு அம்மா முழங்கையில இன்னும் தழும்பு இருக்கு. அத மாரீஸ்வரன் எழுதியிருக்க மாட்டான், அவனுக்குத் தெரியாது. தெருவுக்குப் பஸ்ஸு, எங்களுக்குப் பானை. ஆண்டு விழா பிப்ரவரியில. அம்மா வருவா, வருசா வருசம் முன்னாடியே வந்து எடம் பிடிச்சு உக்காருவா. அவ கண்ணு முன்னாடி இந்தக் கால அகட்டிக்கிட்டு இவன் வருவான். வந்து ரத்தம் கக்குவான். அப்ப எங்கப்பா உசுரோட இருந்தா, இருக்கற மனுசன செத்ததா நடிக்கற பாவம் யாருக்கு? இல்லாமப் போயிருந்தா. அந்த வார்த்தைய நெனைக்கக் கூடாது. நெனைச்சாலே வாசல்ல நெழல் விழும்.

விழுந்துருச்சு. தங்கையா அண்ணன். கையில தாளு. என் காதெல்லாம் அடைச்சுப் போச்சு, அவரு வாய் அசையறது மட்டும் தெரியுது. கையி தானாப் போயி பையோட வாரப் பிடிச்சுக்கிடுச்சு. எடுக்கணும்னா மொத டிபன் டப்பா, அப்புறம் தண்ணி பாட்டில், சிரிக்கக் கூடாது, சிரிக்காமப் போகணும். கோமதி என் கையப் பிடிச்சா, அவளுக்கும் புரிஞ்சிருக்கு, பாதகத்தி. டீச்சர் தாள வாங்கிப் படிக்கிறாங்க. நாளைக்குப் பூச்சி மாத்திரை குடுப்பாங்களாம், யாரும் வெறும் வயித்தோட வராதீங்க. தங்கையா அண்ணன் போயிட்டாரு. பைய விட்டேன். உள்ளங்கையில வாரோட பட்டை அச்சா விழுந்திருக்கு. பூச்சி மாத்திரை. எனக்குச் சிரிப்பு வருது, அழுகையும் வருது, எது மொதல்ல வரும்னு தெரியாம குனிஞ்சுக்கிட்டேன். இந்தப் பயம் எனக்குப் பிடிக்கல. ஒரு நாளைக்கு எத்தன தடவ சாகறாரு அவரு எனக்குள்ள. முன்னால மாரீஸ்வரன் இன்னும் நிக்கறான், கக்கத்துல பாக்ஸோட, அடுத்த ஸ்டாப்புக்குக் காத்துக்கிட்டு. அவன் நடக்கட்டும்னு இருக்கு. இதச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. இன்னொரு தடவ அந்தக் குதிங்காலத் தேச்சு நடக்கட்டும், நான் பாக்கணும். எவ்வளவு கேவலம் இது. கதவு விரிசல் வழியா எத இனிமே பாக்கவே கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டுனேனோ அதுக்குத்தான் இப்ப ஏங்குறேன். சாமியும் கேட்டுருச்சு, நடைய நிப்பாட்டிருச்சு. இப்ப அந்த நடை ஒலகத்துலயே இந்தப் பயகிட்டதான் இருக்கு.

சரி, கை தூக்குங்க, மொதல்ல பசுமைப் பூமின்னு டீச்சர் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சவங்க பாதியில நிறுத்தி, இரு இருன்னு சாக்பீஸக் கீழ வச்சாங்க. செண்பகவல்லி, எந்திரிம்மா. நல்ல மனசு அவங்களுக்கு, ரொம்ப நல்ல மனசு, அதான் கெட்டுப் போச்சு. உனக்கு மனசுக்குச் சங்கடம்னா சொல்லும்மா, இது வேண்டாம்னு விட்டுருவோம், கை தூக்கவே வேண்டாம், நீ சொல்றதுதான். அது வரைக்கும் யாருக்கும் தெரியாத மாதிரி எல்லாரும் இருந்தோம். நானும் இருந்தேன், மாரீஸ்வரனும் இருந்தான், சிரிச்சவங்களும் இருந்தாங்க. அந்த ஒரு பேச்சுல எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிருச்சு. வேண்டாம்னு ஒரு வார்த்தை போதும். கோமதி மரமாயிருவா. ஆனா வேண்டாம்னா என்ன அர்த்தம், அது எங்கப்பாதான், எனக்கு வெக்கமா இருக்குன்னு அர்த்தம். வேணும்னா என்ன அர்த்தம், கொன்னுருங்கன்னு அர்த்தம். சாகாமச் செய்யலாமா டீச்சர்னு கேட்டேன். எனக்கே என் கொரலு யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. சாகலேன்னா பிரைஸ் கெடைக்காது டீச்சர்னு மாரீஸ்வரன் வேகமாச் சொல்லிட்டான். சொன்ன பெறகுதான் அவனுக்கு ஒறைச்சுது, உதட்டக் கடிச்சுக்கிட்டான். அவன் சொன்னதும் நெசந்தான். இந்த ஊர்ல யாரு, சாகாத குடிகாரனுக்குப் பிரைஸ் குடுப்பா.

அவனையே பாத்தேன். அன்னைக்கு வால்ல எனக்கு முன்னாடி நின்ன மொட்டைத் தலை, ஒழுகுற மூக்கு, இடுப்புக் கயிறு. அவன் என்னையப் பாக்கல, தரையப் பாத்தான். செய்யட்டும் டீச்சர்னேன். கோமதி தொடையில கிள்ளுனா, ஏட்டி உனக்குக் கிறுக்கா. குடிகாரனுக்கு மக இருக்காளாடான்னு மாரீஸ்வரன்கிட்டக் கேட்டேன். இருக்கான்னான். நான் போடுறேன் அந்த வேஷத்த. இது எங்க இருந்து வந்துச்சு எனக்கு? எவளோ ஒருத்தி பவுடர் பூசிக்கிட்டு எங்கப்பாவுக்கு மகளா வந்து நிப்பா, நான் கீழ அம்மா பக்கத்துல உக்காந்து பாக்கணுமோ. அது என்னால ஆகாது. டீச்சர் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாங்க. முடியுமாம்மா உனக்குன்னு கேட்டாங்க. மாரீஸ்வரன் தயங்கித் தயங்கிச் சொன்னான், மகளுக்கு ரொம்ப இல்ல டீச்சர், வசனமே கெடையாது, அவரு ஒண்ணு கேப்பாரு, அவ அழுதுக்கிட்டு ஓடிரணும். குடிகாரன்னு சொல்லல, அவருன்னு சொன்னான். எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு அவரு என்ன கேப்பாருன்னு.

போயி நின்னேன். எங்க நிக்கணும்னு அவன் சொல்லல, கடைசி பெஞ்சு ஓரத்துல நானே நின்னேன், வாலோட கடைசி அதான். அவன் வர்றான். கால அகட்டி, குதிங்காலத் தேச்சு, கை மேல கம்பியப் பிடிச்சு. ஒவ்வொரு பெஞ்சாக் கிழிச்சுக் குடுத்துக்கிட்டே வர்றான், மதுர ஒண்ணு, சாத்தூர் ஒண்ணு, சில்லறையா வச்சுக்க மாட்டீங்களாய்யா. பிள்ளைக பயந்து பயந்து சிரிக்குதுக, அப்புறம் நெசமாவே சிரிக்குதுக. எங்கிட்ட வந்து குனிஞ்சான். வாசம் இல்ல, வெறும் வேர்வை, சோப்பு. ஆனா அந்தக் கண்ணு, தேடித் தேடிப் பாக்குற அந்தக் கண்ண எங்க வச்சிருந்தான் இவ்வளவு நாளும்? பாப்பா யாரு வீட்டுப் பிள்ள, தனியாவா வந்த? பின்னாடி எல்லாரும் சிரிச்சுட்டாங்க. இப்ப நான் ஓடணும். கதவு தொறந்துதான் இருக்கு. காலு நகரல. முன் ரூம்புல உத்தரத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கற மனுசனுக்குக் கேக்கற மாதிரி கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். கண்டக்டர் வேலுச்சாமி மக.

சிரிப்பு நின்னு போச்சு. நாடகத்துல இது கெடையாது, அதனால மாரீஸ்வரனுக்கு அடுத்தது என்னன்னு தெரியல. குனிஞ்சவன் குனிஞ்ச மாதிரியே இருந்தான். மூஞ்சி குடிகாரன் மூஞ்சியாவும் இல்ல, அவன் மூஞ்சியாவும் இல்ல. அப்புறம் நிமுந்து, கக்கத்துல பாக்ஸச் சரி பண்ணிக்கிட்டு, போலாம்னு சொல்ல வந்து சொல்லாம, ரெண்டு விரல வாயில வச்சு ஊதுனான். ஒத்தை விசில். ஒத்தை விசிலுக்கு வண்டி எடுக்க மாட்டாங்க. நிக்கும். நான் அவனத் திருத்தல.